தெரியாத எண்ணுக்குப் பெயரிட்ட வரலாறு

பள்ளியிற் பயிலும் நம் சிறுவர் பலர் கூட்டலும் கழித்தலும் பிழையின்றிச் செய்வர்; அதே கணக்கு நான்கு வரிச் சொற்களாய் வந்து நின்றால் திகைப்பர். அவர்களை மருட்டுவது எண் அன்று. சொல்லிலிருந்து எண்ணுக்குச் செல்லும் வழியே. அவ்வழியை மாந்தர் கண்டறிந்த வரலாறு, பெற்றோர் அறிந்து பிள்ளைகட்குச் சொல்லத் தக்கது.

எகிப்து நாட்டில் ஏறத்தாழக் கி.மு. 1550-இல் ஆமெஸ் என்னும் எழுத்தர் படியெடுத்த நாணல்தாட் சுருள் ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு தொகையும் அதன் ஏழிலொரு பங்கும் சேர்ந்து 19 ஆயின் அத்தொகை யாது என்பது அதிலுள்ள கணக்குகளுள் ஒன்று. முதலில் அத்தொகையை 7 என்று வைத்துக்கொள்கின்றனர். ஏழும் அதன் ஏழிலொன்றும் 8 ஆகும், வேண்டுவதோ 19. எனவே 8 எத்தனை மடங்கானால் 19 ஆகுமோ, அத்தனை மடங்கு ஏழைப் பெருக்குகின்றனர். விடை 16, அரை, அரைக்கால். சுருளிலும் விடை இவ்வாறே பின்னங்களாகப் பிரித்து எழுதப்பட்டுள்ளது. நம் பாட்டனாராயின் 'பதினாறரையே அரைக்கால்' என்றிருப்பார்!

பொய்யெண் ஒன்றைக் கொண்டு மெய்யெண்ணை அடையும் இம்முறையைப் பாஸ்கராசாரியரும் லீலாவதியில் 'இஷ்ட கர்மம்' என்ற பெயரால் கற்பிக்கிறார். ஆயினும் இதற்கோர் எல்லை உண்டு. தெரிந்த தொகையும் தெரியாத தொகையும் இருபுறமும் கலந்து நிற்குமாயின், இவ்வாறு ஒரே ஊகத்தைப் பெருக்கி விடை காணல் இயலாது.

இத்தடையைக் கடக்கப் பாரத நாட்டுக் கணிதர் கண்ட வழி எளியது. தெரியாததற்கு ஒரு பெயரிடுக என்பதே அது. கி.பி. 499-இல் ஆரியபடர் அதனைக் 'குளிகா' என்றார். சிறு உருண்டை என்பது பொருள். கி.பி. 628-இல் பிரமகுப்தர் 'அவ்யக்தம்', அதாவது வெளிப்படாதது, என்றார். பின்னர் 'யாவத்-தாவத்' என்ற பெயரின் முதலெழுத்தாகிய 'யா' அதன் குறியாயிற்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் தரும் கணக்கொன்றைக் காண்போம். ஒருவரிடம் 6 குதிரைகளும் 300 பணமும் உள்ளன. மற்றவரிடம் அதே விலையுள்ள 10 குதிரைகள் உள்ளன. ஆனால் 100 பணம் கடன். இருவர் செல்வமும் சமம். குதிரை ஒன்றின் விலை யாது?

அவர் 'யா 6 ரூ 300' என்று எழுதி, அதன்கீழ் 'யா 10 ரூ 100' என்று எழுதுவார். 'ரூ' என்பது தெரிந்த தொகை. கடனாதலின் இரண்டாவது நூற்றின்மேல் ஒரு புள்ளி. குதிரைகளின் வேற்றுமை 4. பணத்தின் வேற்றுமை, கடனையும் சேர்க்க, 400. நானூற்றை நான்கால் வகுக்க, விலை 100. சரிபார்ப்போம்: 600-உம் 300-உம் 900, ஆயிரத்தில் கடன் 100 போக அதுவும் 900. தெரிந்தவற்றின் வேற்றுமையைத் தெரியாதவற்றின் வேற்றுமையால் வகுக்க என்ற இவ்விதி ஆரியபடர் நூலிலேயே உண்டு.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி இயற்றிய நூலின் பெயரிலுள்ள 'அல்-ஜபர்' என்ற சொல்லே இன்று 'அல்ஜீப்ரா' என உலகெங்கும் வழங்குகிறது.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம் பிள்ளைகள் கணக்கை வேற்றுமொழியிற் படிக்கின்றனர். அவர்கள் இடர்ப்படும்போது விடையைச் சொல்லிவிடாதீர்கள். கேள்வியை ஒருமுறை தமிழிற் சொல்லச் செய்யுங்கள். பின்னர் மூன்று கேட்டால் போதும்: தெரியாதது எது? அதற்கு என்ன பெயரிடுவாய்? எது எதற்குச் சமம்? ஆயிரம் ஆண்டுகளாக மாந்தர் அரிதிற் கண்ட வழி இம்மூன்று வினாக்களுள் அடங்கியுள்ளது. பெயரிட்டு அழைத்தபின் தெரியாத எண்ணும் அச்சம் தருவதில்லை.