வைரஸை எண்ணத் தெரிந்த கதை

இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1918-ல் சென்னை மாகாணத்தின் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த ஆண்டு ஜூனில் பம்பாயில் தொடங்கிய விஷக்காய்ச்சல், இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றே மருத்துவர்கள் பலர் நம்பினர். மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது 1933-ல்தான்.

கிருமியே எதுவென்று தெரியாதபோது அதை எப்படி எண்ணுவது? 1983-ல் கேரி முல்லிஸ் உருவாக்கிய பி.சி.ஆர். முறைதான் பின்னாளில் அதற்கு வழி செய்தது. 2003-ல் ஹாங்காங்கைத் தாக்கிய சார்ஸ் நோயில், தொடக்கத்திலேயே வைரஸ் அளவு அதிகம் இருந்தவர்களிடையே இறப்பும் அதிகம் என்று ஆய்வில் தெரியவந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது பரிசோதனை முடிவுகளில் 'சி.டி. மதிப்பு' என்ற எண்ணை மக்கள் பார்க்கத் தொடங்கினர். அது குறைந்தால் வைரஸ் அதிகம் என்று பொருள். ஏறத்தாழ 3.3 குறைந்தால் பத்து மடங்கு. எண் குறைவாக இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று பயந்தவர்களும், கூடுதலாக இருந்ததால் அலட்சியமாக இருந்தவர்களும் உண்டு. ஆனால் மாதிரி எடுத்த நாள், எடுத்த விதம், பயன்படுத்திய கிட் எல்லாமே அந்த எண்ணை மாற்றிவிடும். எனவே, அதை வைத்து நோயின் தீவிரத்தைக் கணிக்க வேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆர். 2020-லேயே அறிவுறுத்தியது.

நூறு பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது பொருந்தும் கணக்கு, ஒரு தனி நோயாளிக்கு ஜாதகம் ஆகிவிடாது. அவருடைய வயது, சர்க்கரை நோய், மூச்சுத்திணறல், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.