இரண்டு ராஜதானிகளை ஆண்ட எல்பின்ஸ்டன் பிரபு

மாஹிமில் குடியேறிய நாளிலிருந்து எனக்குச் சர்ச்கேட் ஸ்லோ வண்டிதான். மாதுங்கா ரோடு, தாதர், அதற்கடுத்து எல்பின்ஸ்டன் ரோடு. 2018 ஜூலையில் அந்த ஸ்டேஷனுக்குப் பிரபாதேவி என்று பெயர் மாறியபோது, தினமும் என்னோடு வரும் நெல்லைக்கார நண்பர் கேட்டார்: "ஏன் சார், அந்தக் காலேஜ்காரர் பேரையா எடுத்துட்டாங்க?"

"காலேஜ் இவரோட சித்தப்பா பேர்ல இருக்கு. ஸ்டேஷன் பேர் இவருது. இவர் நம்ம மெட்ராஸையும் ஆண்டவர் தெரியுமோ?" என்றேன். அவர் நம்பவில்லை. நம்மில் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

சித்தப்பா மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன், 1819 முதல் 1827 வரை பம்பாய் கவர்னர். பேஷ்வா ஆட்சி முடிந்த மராட்டிய நாட்டை வசப்படுத்தியவர், சரித்திர நூல்கள் எழுதியவர். அண்ணன் மகன் ஜான், 13ஆம் எல்பின்ஸ்டன் பிரபு, 1807இல் பிறந்தவர். நம் கதாநாயகர் இவரே.

1837இல் சென்னைக்கு கவர்னராக வந்தபோது இவருக்கு வயது 29. ராஜாங்க அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதற்குமுன் பார்த்தது அரண்மனை உத்தியோகம். இளவரசி விக்டோரியாவுக்கு இவர்மேல் ஒரு கண், அதனால்தான் கப்பலேற்றினார்கள் என்று லண்டனில் ஒரு வம்பு கிளம்பிற்று. வம்பு என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. சென்னை வெயில் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும், நீலகிரியில் கேத்தியில் மாளிகை எழுப்பிக்கொண்டு அங்கே போய்த் தங்குவார்.

ஆனாலும் அந்த ஆறாண்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1839இல் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்று, ஆங்கிலக் கல்விக்கூடம் வேண்டும் என்று சுமார் 70,000 பேர் கையெழுத்திட்ட மனுவை இவரிடம் கொடுத்தார். தந்தியும் ரயிலும் இல்லாத காலத்தில் எழுபதாயிரம் கையெழுத்து! மனுவைக் கிடப்பில் போடாமல் அந்த டிசம்பரிலேயே திட்டம் எழுதினார். 1841இல் உயர்நிலைப் பள்ளி திறந்தது. அதுதான் வளர்ந்து இன்று கடற்கரையில் நிற்கும் மாநிலக் கல்லூரி. நம் வீடுகளில் "தாத்தா பிரசிடென்சியில் படித்தவர்" என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த மனுவையும் நினைத்துக்கொள்ளலாம்.

1842இல் சென்னையை விட்டவர், 1853 டிசம்பரில் பம்பாய்க்கு கவர்னராக வந்தார். போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

உண்மையான சோதனை 1857 மே மாதம் வந்தது. மீரட்டிலும் டில்லியிலும் சிப்பாய்கள் எழுந்தார்கள். பாரசீகப் போர் முடிந்து திரும்பிய வெள்ளைப் பட்டாளம் அப்போதுதான் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. வேறொருவராக இருந்தால் தம் ஊரைக் காக்க அவர்களை இங்கேயே நிறுத்தியிருப்பார். இவர் 64ஆம், 78ஆம் ரெஜிமெண்டுகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார். ஹேவ்லாக் கான்பூருக்கு நடத்திப்போன படையில் அவர்கள் இருந்தார்கள். பம்பாயிலோ, சிப்பாய்ப் பட்டாளங்களுக்கு நடுவே சில நூறு வெள்ளைச் சிப்பாய்களே மிச்சம். வீடு எரியும்போது தன் வீட்டுத் தண்ணீரைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் ஊற்றுகிற துணிச்சல் அது. ஆங்கிலேயர் இவரைக் கொண்டாடுவது இதற்காகத்தான்.

அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுத்தவர்கள் யார்? சதாராவில் செப்டம்பர் 8ஆம் தேதி 17 பேர் மரண தண்டனை அடைந்தார்கள். பம்பாயில் போலீஸ் அதிகாரி சார்லஸ் ஃபோர்ஜெட், சிப்பாய்கள் ரகசியமாகக் கூடிய வீட்டில் சுவர்த் துளை வழியே ஒற்றுக் கேட்டார். அக்டோபர் 15ஆம் தேதி சையத் ஹுசேன், மங்கள் என்ற இரு சிப்பாய்களை எஸ்பிளனேடு மைதானத்தில் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இன்றைய ஆசாத் மைதானம் அந்தப் பழைய எஸ்பிளனேடில் மிஞ்சியிருக்கும் ஒரு துண்டு. இந்தக் களேபரத்துக்கு நடுவே, ஜூலை 18ஆம் தேதி, பம்பாய் சர்வகலாசாலைச் சட்டமும் வந்தது. முதல் சான்சலர் இதே பிரபு.

கலகம் அடங்கியபின், சிப்பாய்ப் படையை எப்படித் திருத்தி அமைப்பது என்று மேலிடத்தில் ஆலோசனை நடந்தது. 1859 மே மாதக் குறிப்பில் எல்பின்ஸ்டன் தம் கருத்தை மறைக்காமல் எழுதினார்: பிரித்து ஆளுதல் ரோமானியரின் பழைய வழி, அதுவே நம் வழியாகவும் இருக்கவேண்டும் என்று. பள்ளிப் பாடத்தில் "பிரித்தாளும் சூழ்ச்சி" என்று நாம் படித்தோமே, அதைக் கையெழுத்தோடு ஒப்புக்கொண்ட அதிகாரிகளில் இவர் ஒருவர். சரியாக இருபது வருஷம் முன்னால், ஒரே மனுவில் 70,000 பேர் சேர்ந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவர்! எனக்கு இன்றுவரை இது மனம் ஒப்பவில்லை. சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதை அந்த மனுவிலேயே புரிந்துகொண்டவராயிருக்கலாம் என்பது என் ஊகம்.

1860இல் ஊர் திரும்பினார். சில வாரங்களில், ஜூலை 19ஆம் தேதி, லண்டனில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

கோட்டைப் பகுதியில் இவர் பேரில் எழுந்த வட்டம் சுதந்திரத்துக்குப் பின் பத்திரிகையாசிரியர் ஹார்னிமன் பெயருக்கு மாறியது. பிறகு ஸ்டேஷன் பெயரும் போயிற்று. நெல்லைக்கார நண்பரிடம் பீரங்கிக் கதையைச் சொன்னபோது வண்டி தாதரைத் தாண்டியிருந்தது. சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்த ரெண்டு பேர் பேர்ல ஏதாவது ஸ்டேஷன் இருக்கா சார்?"