தடம்புரட்டியின் உரசல்

பந்தய மிதிவண்டியில் கியர் மாற்றும் உறுப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயர் டெரெய்லர். தடம் புரட்டுவது என்று பொருள். ஒழுங்காக ஓடும் சங்கிலியை வேண்டுமென்றே பக்கவாட்டில் தள்ளி அடுத்த பற்சக்கரத்தில் ஏற்றும் கருவிக்கு இதைவிட நேர்மையான பெயர் அமையாது. சங்கிலி உரசும் கரகர ஓசை இதன் உடன்பிறப்பு. அந்த ஓசையைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது.

தூர் த பிரான்ஸ் பந்தயத்தை 1903இல் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ஜ், முன்னணி வீரர்கள் இக்கருவியைப் பயன்படுத்த ஒப்பவில்லை. மலையடிவாரம் வந்ததும் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபுறத்துப் பற்சக்கரத்தைக் கொண்டு ஏறினார்கள். செயிந்த் எத்தியென் நகரத்துப் போல் த விவி, தம் 'லெ சிக்லிஸ்த்' இதழில் பல்வேக மிதிவண்டிக்காக ஓயாது வாதாடினார். 1930இல் இறந்துபோனார். தடை நீங்கியது 1937இல். அவ்வாண்டு வென்ற ரொஜே லப்பெபி டெரெய்லர் பூட்டிய வண்டியில்தான் சென்றார்.

அக்கால நெம்புகோலுக்குப் படிகள் கிடையா. எங்கு வேண்டுமானாலும் நிற்கும். முன்னே பெரிய பற்சக்கரம், பின்னேயும் பெரியது என்று சேர்த்தால் சங்கிலி உள்நோக்கிச் சாய்ந்து முன்கூண்டின் உட்சுவரைத் தொடும். இது வடிவக் கணிதம்; பழுது அன்று. ஓட்டுபவர் காதால் கேட்டு, நெம்புகோலை ஒரு மயிரிழை நகர்த்துவார், ஓசை அடங்கும். 1940களில் சில வண்டிகளில் இந்த நெம்புகோல் இருக்கைக்குக் கீழே, தொடையருகே இருந்தது. ஓடும் வண்டியில் குனிந்து அதைத் தேடும் துணிவை நினைத்தால் வியப்பாக இருக்கிறது!

1984இல் ஷிமானோ தன் உயர்தரக் கருவித் தொகுதியில், சொடுக்குக்கு ஒரு பற்சக்கரம் என்ற முறையைக் கொண்டுவந்தது. வசதிதான். ஆனால் அதுவரை கேபிளின் தளர்ச்சியை விரல் தன்னையறியாமலே ஈடுகட்டியது. சொடுக்குக்கு அந்த அறிவு இல்லை. கேபிள் இம்மியளவு தளர்ந்தாலும் சங்கிலி பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கி அடுத்ததோடு உரசும். கேபிள் உறை முடியும் இடத்திலுள்ள உருளைத் திருகைக் கேபிள் இறுகும்படி கால் சுற்று, மீண்டும் கால் சுற்று திருப்பினால் போதும். பலர் செய்வதோ வேறு: கையில் அகப்பட்ட எல்லைத் திருகுகளைத் திருகிவிடுகிறார்கள். அவை சங்கிலி இரு கோடிகளையும் தாண்டி விழாமல் காப்பவை மட்டுமே. நடுவில் எழும் ஓசைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆரக்கம்பிகளுக்குள் சங்கிலி பாய்வது பெரும்பாலும் இந்த ஆர்வக்கோளாறால்தான்.

2009இல் வெளிவந்த ஷிமானோவின் மின்கருவியில், பின்னே கியர் மாறும்போது தேவைக்கேற்ப முன்கூண்டைச் சிறு மோட்டார் ஒன்று தானே நகர்த்திக்கொள்கிறது. ஓட்டுபவர் காதை எட்டும் முன்பே உரசல் நீங்கிவிடுகிறது. கூண்டைப் பற்சக்கரத்துக்கு இணையாக நிறுத்தி முடுக்கும் வேலை மட்டும் இன்றும் பழுதுபார்ப்பவரின் கையில் இருக்கிறது.