பனியன் கம்பெனியும் பிளஸ் டூவும்

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்டவர்களுள் நம் சமுதாயத்தைச் சேர்ந்த குலாம் காதர் சாகிபும் ஒருவர். 1925-ஆம் ஆண்டு அவர் இங்கே பேபி நிட்டிங் ஆலையைத் தொடங்கினார். நூறாண்டு கடந்த பின்னும், பத்தாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளுள் பலர் அத்தொழிலில் கைமடி வேலைக்கே செல்கின்றனர். கல்லூரியா, கம்பெனியா என்பது பதினைந்து வயதில் முடிவாகிவிடுகிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை.

முன்பெல்லாம் கல்லூரிக்கான ஆயத்தம் கல்லூரிக்குள்ளேயே நடந்தது. பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் பி.யு.சி. எனும் புகுமுக வகுப்பை ஓராண்டு கல்லூரியில் பயின்ற பின்னரே பட்டப்படிப்பில் சேர்ந்தார். 1978-இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானதும் அந்த ஆயத்தம் பள்ளிக்கு இடம்பெயர்ந்தது. 1980-இல் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் சுமை பதினொன்றாம் வகுப்பின் வாசலிலேயே பிள்ளையின் தலையில் ஏறியது. அங்கே கணிதத்தைக் கைவிட்டவனுக்குப் பொறியியலின் கதவு அன்றே சாத்தப்பட்டது.

வெரோனா எனும் இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் தேடித் திருப்பூர் வந்ததும் அதே 1978-இல்தான் என்பர். இவ்வூரின் ஏற்றுமதிக் கதையை அங்கிருந்தே சொல்லத் தொடங்குவது வழக்கம். பள்ளி இரண்டாண்டு பொறுத்திருக்கச் சொன்ன காலத்தில், கம்பெனி சனிக்கிழமைதோறும் சம்பளம் தர முன்வந்தது! பதினான்கு வயது நிறைந்தோர் ஆபத்தில்லாத வேலை செய்வதைச் சட்டமும் தடுக்கவில்லை. வாடகை வீட்டில் வாழும் ஓர் அத்தாவுக்கு அந்த இரண்டாண்டு என்பது நூறு வாரச் சம்பளம். அவரைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அக்கணக்கில் பிள்ளையின் அடுத்த நாற்பது ஆண்டுகள் சேர்க்கப்படுவதில்லை.

காத்திருந்தவர்க்கும் பாதை நேராக இல்லை. 1984-இல் வந்த நுழைவுத் தேர்வு, தனிப்பயிற்சிக்குப் பணமில்லாதவரைப் பின்தள்ளியது. 2006-ஆம் ஆண்டின் சட்டம் அதை நீக்கியது. மருத்துவத்திற்கு மட்டும் 2017 முதல் நீட் வந்து சேர்ந்தது. இதற்கிடையே பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் புறக்கணித்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் நடத்தின. மதிப்பெண் குவிந்தது, கல்லூரியின் முதலாண்டிலோ அடிப்படை தெரியாமல் மாணவர் திணறினர். அதைத் திருத்தவே 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் அத்தேர்வு கைவிடப்பட்டுள்ளது. பழைய நோய் மீண்டும் தலைகாட்டுகிறதா என்பதைப் பெற்றோரே கவனிக்க வேண்டும்.

நம்மவர்க்கென 2007-இல் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. அதைப் பெறும் சான்றிதழில் லெப்பை, ராவுத்தர் முதலிய, அரசுப் பட்டியலிலுள்ள பிரிவின் பெயர் இருத்தல் வேண்டும்; ‘முஸ்லிம்’ என்று மட்டும் இருந்தால் போதாது. கலந்தாய்வு நெருங்கிய பின் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் குடும்பங்களை ஆண்டுதோறும் காண்கிறோம். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே அச்சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.