நியாண்டர்தால் மனிதனும் இக்கால மனிதனும்

மறைந்துபோன ஓர் இனத்தின் வரலாற்றை எஞ்சி நின்ற இனமே எழுத நேரிடுகின்றது. அவ்வரலாறு நடுவுநிலை பிறழ்தல் எளிது என்பதற்கு நியாண்டர்தால் மனிதனைப்பற்றி எழுந்த கொள்கைகள் தக்க சான்றாகும்.

1856 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே, நியாண்டர் பள்ளத்தாக்கிற் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த தொழிலாளர் ஒரு குகையினுள் மண்டையோட்டின் மேற்பகுதியையும் சில எலும்புகளையும் கண்டெடுத்தனர். அவை தொன்மை மனிதனுடையன என்றார் புல்ரொட் என்னும் பாடசாலை ஆசிரியர். நோயுற்ற இக்கால மனிதனுடையன என மறுத்தார் மருத்துவப் பேரறிஞர் வேர்ச்சோ. ஆசிரியர் கூற்றே நிலைத்தது. 1864 இல் வில்லியம் கிங் அவ்வினத்துக்குத் தனிப்பெயர் சூட்டினார்.

1908 இல் பிரான்சிலே லா சப்பெல் என்னுமிடத்தில் ஏறத்தாழ முழுமையான எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அதனை ஆராய்ந்த மார்சலின் பூல், நியாண்டர்தால் மனிதன் கூனி, முழங்கால் மடிந்து நடந்த அறிவு குன்றியவன் என முடிவு செய்தார். அம்முடிவே நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றது. 1957 இல் ஸ்ட்ராஸ், கேவ் என்னும் இருவர் அவ்வெலும்புகளை மீள ஆராய்ந்து, அவை மூட்டுவாதத்தால் நலிந்த ஒருவனுடையன என்றும், நோயற்ற நியாண்டர்தால் மனிதன் இக்கால மனிதனைப் போன்றே நிமிர்ந்து நின்றான் என்றும் எடுத்துக்காட்டினர்.

வேற்றுமைகள் இல்லாமலில்லை. புடைத்த புருவமேடு, பின்சாய்ந்த நெற்றி, நாடி முனைப்பற்ற தாடை, அகன்ற மார்பு, குறுகிய கைகால் என்பன அவனுக்குரியன. எனினும் லா சப்பெல் மனிதனின் மூளைக்கொள்ளளவு ஏறத்தாழ 1,600 கனசென்ரிமீற்றர். இஃது இக்கால மனிதரின் சராசரியினும் மிக்கது. அவ்வினத்தார் தீயைப் பயன்படுத்தினர். கற்கருவிகளைத் திட்டமிட்டுச் செதுக்கினர். ஈராக்கிலே சனிதார் குகையில் 1957 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒருவன், வலக்கை சூம்பிய நிலையிலும் காயங்கள் ஆறிப் பல்லாண்டு வாழ்ந்தவன். சுற்றத்தாரின் துணையின்றி அஃது இயல்வதன்று.

ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் அவ்வினம் மறைந்தது. காலநிலை மாற்றம், குறைந்த மக்கட்டொகை, புதிதாய் வந்த இக்கால மனிதரின் போட்டி ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. எனினும் அம்மறைவு முழுமையானதன்று. 2010 இல் சுவாந்தே பேபோ குழுவினர் நியாண்டர்தால் மரபணுத் தொகுதியின் வரைவை வெளியிட்டபோது, இரு இனத்தாரும் கலந்து மகப்பெற்றமை புலனாயிற்று. இத்துறை ஆய்வுகளுக்காகப் பேபோ 2022 இல் நோபல் பரிசு பெற்றார். ஆபிரிக்காவுக்கு வெளியேயுள்ள மக்களின் மரபணுக்களில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு அவர்கள்வழி வந்தது. தென்னாசிய மக்களும் இதற்கு விலக்கல்லர்.

ஆகவே நியாண்டர்தால் மனிதனை அறிவிலியெனத் தீர்த்தோர் தம் மூதாதையருள் ஒருவனையே அவ்வாறு தீர்த்தனர். எலும்பைக் காணுமுன் முடிவைக் காண்பது வரலாற்று மாணவர் விலக்கவேண்டிய முதற் குற்றமாகும்.