துப்பாக்கி சுடுதலும் செவிப் பாதுகாப்பும்

பெரும்பாலான ரைபிள்களின் வெடியொலி 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியும் உட்செவியின் மயிரணுக்களை அழிக்கக்கூடும். அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. வலப்புறத் தோளில் வைத்துச் சுடுவோருக்குக் குழல்முனையை நோக்கியுள்ள இடச்செவியே பொதுவாக அதிகம் பாதிக்கப்படுகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை:

• நுரை அடைப்பான்: உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகவும், விரியும்வரை விரலால் பிடித்திருக்கவும்.

• காதுக்கவசம்: மூக்குக்கண்ணாடிக் காம்போ தலைமுடியோ இடைவெளி உண்டாக்காதவாறு அணியவும்.

• மின்னணுக் கவசம்: வெடியொலியைத் தணித்து, பேச்சொலியைக் கேட்கச் செய்யும், பயிற்சியாளரின் கட்டளைகளைக் கேட்க வேண்டியோருக்கு ஏற்றது.

• உள்ளரங்கப் பயிற்சியில் அடைப்பானையும் கவசத்தையும் சேர்த்தே அணியவும்.

சாதாரணப் பஞ்சு போதுமானதன்று. அருகில் நிற்போருக்கும் பாதுகாப்பு தேவை.

சுட்டபின் காதில் இரைச்சலோ மந்தமோ தோன்றினால் பயிற்சியை நிறுத்தி, தாமதமின்றிக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுகவும்.