புதையலின் விலை

சேலத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், வசிஷ்ட நதியின் வடகரையில் அமைந்திருக்கிறது ஆத்தூர்க் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட பாளையக்காரர் இலட்சுமண நாயக்கர் இதனைக் கட்டினார் என்பர். வேட்டைக்குச் சென்ற இடத்தில் அவருக்குப் புதையல் ஒன்று கிடைத்ததென்றும், அந்தப் பொருளைக் கொண்டே கோட்டையை எழுப்பினாரென்றும் செவிவழிச் செய்தி வழங்குகிறது.

இதற்கு உறுதியான சான்று கேட்டால் வரலாற்றாசிரியர் தயங்குவார். ஆயினும் இக்கதையில் நாம் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. கிடைத்த பொன் எத்தனை குடம் என்பதைக் கதை பெரிதாகச் சொல்வதில்லை. அந்தப் பொன் என்ன ஆயிற்று என்பதையே சொல்கிறது. அது ஊரைக் காக்கும் மதிலாயிற்று. கோட்டை மைசூரார் கைக்குப் போயிற்று. 1792-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆண்டவர்கள் மறைந்தும் கல் நிலைத்திருக்கிறது.

ஆனால் புதையல் கதை உள்ள இடமெல்லாம் புதையல் ஆசையும் உண்டு. வெற்றிலையில் மை தடவிப் பார்ப்போரும், பூதம் காக்கும் பொன்னுக்குப் பலி கேட்போரும் நம் நாட்டுக்குப் புதியவரல்லர். கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறதென்று சொல்லிப் படித்தவர்களையே ஏமாற்றும் கூட்டமும் இருக்கிறது. பாழடைந்த கோயிலிலும் கோட்டையிலும் இரவில் குழி தோண்டுவோர் பொன்னைக் காண்பது அரிது. அவர்கள் வரலாற்றைச் சிதைப்பது மட்டும் உறுதி. ஒரு பானை ஓடு எந்த மண் அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதைக் கொண்டே அறிஞர் அதன் காலத்தைக் கணிக்கின்றனர். அடுக்கு கலைந்தபின் அந்த ஓடு ஊமையாகிவிடுகிறது.

இந்த ஆசைக்கு அரசும் விலக்கன்று. 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தில், தௌண்டியா கேரா என்னும் ஊரின் பழைய கோட்டையில், ஆயிரம் டன் தங்கம் புதைந்திருப்பதாகச் சாது ஒருவர் கனவு கண்டார். தொல்லியல் துறையினரே அங்கு அகழத் தொடங்கினர். நாடே வேடிக்கை பார்த்தது. கிடைத்தவை பானை ஓடுகளும் வளையல் துண்டுகளும் போன்றவையே. தங்கம் கிடைக்கவில்லை என்று கூட்டம் கலைந்தது. முன்னோர் புழங்கிய பொருள்களைப் புதையலாகக் காணும் கண் அக்கூட்டத்துக்கு வாய்க்கவில்லை.

புதையல் தேடுவது விளையாட்டாகவும் இருக்கிறது. கோடை விடுமுறை முகாம்களில் துண்டுச் சீட்டில் குறிப்பெழுதி ஒளித்துவைத்து, பிள்ளைகளை ஓடவிடுகிறோம். 2000-ஆம் ஆண்டில், செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவியைக் கொண்டு ஒளித்த பெட்டியைத் தேடும் விளையாட்டு அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவிற்று. அதன் விதி நம்மைச் சிந்திக்க வைக்கிறது: பெட்டியைக் கண்டவர் அதிலுள்ள ஏட்டில் பெயரெழுத வேண்டும், ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடானதை வைக்க வேண்டும், அடுத்தவருக்காகப் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவர வேண்டும்.

விளையாட்டுக்குள்ளும் பேராசை புகலாம். அமெரிக்கரான ஃபாரஸ்ட் ஃபென் 2010-ஆம் ஆண்டளவில் ராக்கி மலைத்தொடரில் பொன்னும் மணியும் நிறைந்த பேழையை மறைத்துவைத்து, கவிதையில் குறிப்புகள் தந்தார். 2020-இல் ஒருவர் அதைக் கண்டெடுப்பதற்குள், தேடிச் சென்றவருள் ஐவரேனும் உயிரிழந்தனர் என்று செய்திகள் கூறின.

ஆக, எவ்வளவு கிடைத்தது என்று கேட்பதைவிட, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்பதே தகும். நம் நாட்டின் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் தன் வழியில் இதையே கேட்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறைப்பவருக்குத் தண்டனை உண்டு. உரிமையாளர் இல்லையென்று முடிவானால், கண்டவருக்கு முக்கால் பங்கும், உரிமை கோரும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் சேரும் என்பது அதன் பொதுவான நெறி. நாம் கண்டது முழுவதும் நமக்கே உரியதன்று என்பதே அதன் உட்பொருள்.

நற்செய்தியோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நிலத்தில் புதையலைக் கண்டவன் இரவோடிரவாக அதை அள்ளிக்கொண்டு ஓடவில்லை. மகிழ்ச்சியோடு போய்த் தனக்குள்ள யாவற்றையும் விற்று அந்த நிலத்தை வாங்குகிறான். அங்கே இழப்பவன் கண்டவனே. பிறர் வீட்டுச் சுவர் எதுவும் இடியவில்லை. விண்ணரசு அத்தகையது என்றார் இயேசு.

ஆத்தூர்க் கோட்டைக்கு நம் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் செல்வோம். புதையல் கதையையும் சொல்வோம். அவர்கள் ஒரு கல்லையும் பெயர்க்காமல், சுவரில் தம் பெயரைக் கீறாமல், கண்டதை நெஞ்சில் ஏந்தித் திரும்புவார்களாயின், விண்ணரசின் உவமையை விளக்க நமக்கு வேறு மறையுரை தேவைப்படாது.